திருந்திய கையில் சாவியைக் கொடுப்பது யார்?

"தம்பி, உங்களுக்கு இங்கிலீசு புத்தகம் வாசிக்கத் தெரியும்லா? எனக்கு ஒரு புத்தகம் தேடித் தரணும்."

தாதர் ரெயில் நிலைய மேம்பாலத்தில் வைத்து ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனவே இந்தக் கட்டுரை முழுவதும் அவர் "அக்கா"தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெற்றோர் நெல்லைச் சீமை. பிறந்து வளர்ந்தது தாராவி. இப்போது கல்யாணுக்கு அப்பால் குடியிருக்கிறார். தாதர் பக்கம் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் வேலை.

அவர் கேட்ட புத்தகம் இதுதான். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர், அமெரிக்காவில் ஒரு கதை உண்டு என்றாராம். திருட்டுத் தொழில் செய்த ஒரு பெண் மனம் திரும்பி, பிறகு பெரிய மனிதர்களுக்கு மெய்க்காவலர் ஆகிறாளாம். துப்பாக்கிச் சண்டை, கார் துரத்தல் எல்லாம் வருமாம். கடைசியில் ஆண்டவரின் மகிமையில் முடியுமாம். கதையின் பெயரை வந்தவர் சொல்லவில்லை.

"அப்படி ஒரு கதை நெசமாவே இருக்கா தம்பி?" என்பது அக்காவின் கேள்வி.

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். வாசகர்களுக்குப் பிறகு சொல்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிள் கடையில்

சம்பள நாளன்று மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைத் துழாவினேன். கடைக்காரரிடம் "பெண் பாடிகார்டு கதை, கிறிஸ்தவக் கதை" என்று இந்தியில் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டும் ஒரே புத்தகத்தில் எப்படி வரும் என்று அவருக்குச் சந்தேகம்.

ஆனால் வந்தது! குவியலின் அடியில் இருந்து ஒரு நாவலை உருவிப் போட்டார். எழுதியவர் லினெட் ஈசன் என்ற அமெரிக்கப் பெண்மணி. "ஆல்வேஸ் வாட்சிங்" என்பது பெயர். 2016-ம் ஆண்டு வெளியானது. பெண்களே நடத்தும் ஒரு மெய்க்காவல் நிறுவனத்தைப் பற்றிய தொடர் நாவல்களில் இது முதலாவது. அறுபது ரூபாய்க்கு முடிந்தது.

என் இங்கிலீசு பத்தாம் வகுப்பு இங்கிலீசு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன்.

வானொலியில் மக்களுக்கு ஆலோசனை சொல்லும் மனநல மருத்துவர் ஒருவர். அவரை யாரோ மறைவில் இருந்து பின்தொடர்கிறார்கள். அவரைக் காப்பாற்ற வருகிறாள் கதாநாயகி. நம் சினிமாவில் கதாநாயகன் செய்வதை எல்லாம் இதில் அவள் செய்கிறாள். ஆண் பயப்படுகிறான், பெண் வாசலில் நிற்கிறாள். சண்டைக் கட்டங்களை விரும்பிப் படித்தேன். காதல் பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கிறிஸ்தவ நாவல்கள் தனி வியாபாரம். தனிப் பதிப்பகங்கள், கடைகளில் தனி அலமாரி எல்லாம் உண்டு. 2000-ம் ஆண்டு முதல் "கிறிஸ்டி" என்ற பெயரில் பரிசும் கொடுத்து வருகிறார்கள். எழுதாத விதிகளும் உண்டு. கெட்ட வார்த்தை கூடாது. படுக்கை அறைக்குள் கதை போகக் கூடாது. துப்பாக்கி சுடலாம். ஆனால் சுடுகிறவருக்கு மனச்சாட்சி இருக்க வேண்டும், நெருக்கடியில் ஜெபம் வர வேண்டும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிக்கக்கூடிய சண்டைக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி. ஒன்றுதான் உதைத்தது. இந்த நிறுவனத்துப் பெண்கள் பெரும்பாலும் போலீஸ் போன்ற வேலைகளில் இருந்து வந்தவர்கள். திருடியாக இருந்து திருந்தியவள் அல்ல கதாநாயகி. காவல் காத்தவர்கள் மறுபடியும் காவல் காக்கிறார்கள்.

அக்கா கேட்டது இது இல்லையே!

பேதுருவின் வாள்

அதன்பிறகுதான் தேடல் தீவிரம் ஆனது. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் பைபிளில் இருந்தே தொடங்கினேன்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது பேதுரு வாளை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரனான மல்குஸின் காதை வெட்டினார். மெய்க்காவலர் செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் இயேசு வாளை உறையில் போடச் சொல்லிவிட்டார். வெட்டுப்பட்ட காதையும் சொஸ்தப்படுத்தினார் என்று லூக்கா எழுதியிருக்கிறார்.

கிறிஸ்தவச் சண்டைக் கதை எழுதுகிற எவருக்கும் முதல் இடைஞ்சல் இந்தக் காட்சிதான். அடித்துக் காப்பாற்ற வந்தவனை எஜமானே தடுத்துவிட்டார். பிறகு எந்த முகத்தோடு கதாநாயகன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது? எழுத்தாளர்கள் இதைப் பலவிதமாகச் சமாளிக்கிறார்கள். தனக்காக அடிக்கக் கூடாது, பிறருக்காக அடிக்கலாம் என்பது பெரும்பாலும் அவர்கள் சொல்லும் சமாதானம்.

பழைய ஏற்பாட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள். எரிகோ பட்டணத்து ராகாப். ஊரார் மதிக்காத தொழில் செய்தவள். மதில்மேல் வீடு. வேவு பார்க்க வந்த இருவரை ராஜாவின் ஆட்கள் தேடி வந்தபோது, மாடியில் சணல் தட்டைகளுக்கு அடியில் அவர்களை ஒளித்து வைத்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கிவிட்டாள். பட்டணம் விழுந்தபோது, ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு அவளையும் அவள் வீட்டாரையும் காப்பாற்றியது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் அவள் பெயரும் வருகிறது.

கத்தியும் இல்லை, கராத்தேயும் இல்லை. ஆனால் இரண்டு உயிரைக் காத்தவள். அக்கா கேட்ட கதைக்கு இவள்தான் முதல் பாட்டி என்று எனக்குத் தோன்றியது.

கொள்ளையன் சுமந்த கொள்ளையர்கள்

எகிப்து பாலைவனத்தில் 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கருப்பு மோசே என்பவரின் கதையையும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியர். கொள்ளைக் கூட்டத் தலைவர். ஆஜானுபாகு. மனம் மாறித் துறவிகளோடு சேர்ந்தார்.

ஒருநாள் அவருடைய குடிசைக்குள் நான்கு கொள்ளையர்கள் புகுந்தார்கள். ஆள் யார் என்று தெரியாமல் கை வைத்துவிட்டார்கள். மோசே நான்கு பேரையும் மடக்கிக் கட்டி, மூட்டை மாதிரி முதுகில் சுமந்து கொண்டுபோய் மற்ற துறவிகள் முன்னால் போட்டார். "யாரையும் அடிக்க எனக்கு உத்தரவு இல்லை. இவர்களை என்ன செய்யட்டும்?" என்ற பாவனையில் நின்றாராம். பிடிபட்டவர்களுக்கு இவர் அந்தப் பிரபலக் கொள்ளையன் மோசே என்று தெரிந்ததும் ஆடிப்போய், அவர்களும் துறவிகள் ஆனார்கள் என்பது மரபுக் கதை.

சினிமாவாக எடுத்தால் இந்த ஒரு காட்சிக்கே விசில் பறக்கும்!

ஆனால் முடிவு வேறு. 405-ம் ஆண்டு வாக்கில் மடத்தைத் தாக்க ஒரு கூட்டம் வந்தபோது மோசே மற்றவர்களை ஓடச் சொன்னார். தான் ஓடவும் இல்லை, கை ஓங்கவும் இல்லை. வெட்டுப்பட்டு இறந்தார். பழைய பலம் உடம்பில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்தாமல் விட்டவர். துப்பாக்கி தூக்கும் நாவல்களுக்கு இது எதிர்ப்பக்கம்.

நம் நெல்லைச் சீமைக்கும் இந்த வகைக் கதையில் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டு கிடந்த ஜான் பன்யன் எழுதிய "பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்" 1678-ல் வந்தது. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்பது அவர் மீது குற்றம். 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியானாள் என்ற பெண் குழந்தைகளோடு புறப்படுகிறாள். அவளுக்குக் காவலாக வாளும் கேடயமும் ஏந்தி வருகிறான் ஒரு வீரன். வழியில் அரக்கர்களை வெட்டிச் சாய்க்கிறான். இந்த நூலைத் தழுவித்தான் நெல்லை எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை "இரட்சணிய யாத்திரிகம்" என்ற காப்பியத்தைப் பாடினார். அது 1894-ல் வெளியானது. பன்யன் கதையில் பெண்ணுக்கு ஆண் காவல். இன்றைய அமெரிக்க நாவலில் ஆணுக்குப் பெண் காவல். முந்நூறு வருஷத்தில் ஆள் இடம் மாறிவிட்டது.

காணிக்கைப் பையைக் கொடுத்தவர்

இனி நிஜக் கதை ஒன்று. கிறிஸ்தவ வாசகர்களில் பலர் கேட்டிருப்பார்கள்.

1958-ம் ஆண்டு. நியூயார்க் நகரம் புரூக்ளின் பகுதி. "மாவ் மாவ்" என்ற பெயரில் ஓர் இளைஞர் கூட்டம். கத்தி, கைத்துப்பாக்கி எல்லாம் சர்வசாதாரணம். அதில் முக்கியப் புள்ளி போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வந்த நிக்கி குரூஸ். பென்சில்வேனியா கிராமத்தில் இருந்து டேவிட் வில்கர்சன் என்ற ஒல்லியான போதகர் இவர்களைத் தேடி வந்தார். நிக்கி அவரைத் துப்பி விரட்டினார்.

போதகர் விடவில்லை. ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார். கூட்டத்தில் காணிக்கை எடுக்க வேண்டிய நேரம் வந்தது. யாரிடம் பையைக் கொடுத்தார் தெரியுமா? நிக்கியிடமும் அவருடைய ஆட்களிடமும்!

பணத்தை வசூலித்துக்கொண்டு மேடைக்குப் பின்புறம் போனார்கள். பக்கத்திலேயே வெளியே போகும் கதவு. ஓடிவிடலாம். கூட்டாளிகள் நிக்கியின் முகத்தைப் பார்த்தார்கள். நிக்கி பணத்தோடு மேடைக்குத் திரும்பி வந்து போதகர் கையில் கொடுத்தார். அன்று இரவே மனம் மாறினார்.

வில்கர்சனின் புத்தகம் 1963-ல் வந்தது. நிக்கி தன் கதையை "ரன் பேபி ரன்" என்று 1968-ல் வெளியிட்டார். 1970-ல் சினிமாவும் வந்தது. அதில் போதகராகப் பாடகர் பேட் பூனும், நிக்கியாக எரிக் எஸ்ட்ராடாவும் நடித்தார்கள்.

போதகர் பேசிய பேச்சை விட, அவர் நீட்டிய பைதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திருடன் கையில் பணத்தைக் கொடுக்க அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! (இயேசுவின் கூட்டத்தில் பணப்பை வைத்திருந்த யூதாஸ் திருடனாகத்தான் போனான் என்று யோவான் எழுதியிருக்கிறார். போதகருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?)

மராட்டியத்திலும் இதே சோதனையை அதிகாரிகளே செய்து பார்த்திருக்கிறார்கள். சாங்லி மாவட்டம் ஆட்பாடி அருகே ஸ்வதந்திரபூர் என்ற இடத்தில், அவுந்த் சமஸ்தான காலத்தில் கைதிகளுக்குத் திறந்தவெளிக் குடியிருப்பு அமைத்தார்கள். சாந்தாராம் அதை வைத்துத்தான் 1957-ல் "தோ ஆங்கேன் பாரா ஹாத்" எடுத்தார். தமிழில் 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்து "பல்லாண்டு வாழ்க" என்று வந்தது. கொலைக் குற்றவாளிகள் ஆறு பேரை நம்பி ஒரு ஜெயில் அதிகாரி வெளியே கூட்டி வருகிற கதை. தாராவியில் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்குச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

மஞ்சள் சீட்டு

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் "லே மிசரபிள்" 1862-ல் வந்தது. சுத்தானந்த பாரதியார் அதை "ஏழை படும் பாடு" என்று தமிழில் தந்தார். கே.ராம்நாத் இயக்கத்தில் 1950-ல் படமாகவும் வந்தது. நாகையா கதாநாயகன். துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு "ஜாவர் சீதாராமன்" ஆனார்.

ரொட்டி திருடிய ழான் வல்ழான் தப்பி ஓடப் பார்த்ததற்கும் சேர்த்து 19 ஆண்டு சிறையில் இருந்து வெளியே வருகிறான். கையில் ஒரு மஞ்சள் சீட்டு. இவன் முன்னாள் கைதி என்று அதில் எழுதியிருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் காட்ட வேண்டும். காட்டினால் சத்திரத்தில் சோறு இல்லை, திண்ணையில் இடம் இல்லை. ஒரு பிஷப் மட்டும் கதவைத் திறக்கிறார். அவர் வீட்டிலேயே வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடிப் பிடிபடுகிறான். பிஷப் அவை தான் கொடுத்தவை என்று சொல்லி, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்.

பிறகு அவன் யாருமற்ற கோசெத் என்ற சிறுமிக்கு வாழ்நாள் முழுவதும் காவலாக நிற்கிறான். திருந்திய குற்றவாளி மெய்க்காவலன் ஆன கதை இதற்கு மேல் எங்கே இருக்கிறது? அமெரிக்க நாவல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கதைக்கு ஒரு நிஜ மனிதரும் தூண்டுதல். விடோக் என்பவர். 1775-ல் பிறந்தவர். பல முறை சிறை சென்று பல முறை தப்பியவர். பிறகு போலீசுக்கு உளவு சொல்லத் தொடங்கி, பாரீஸ் துப்பறியும் படைக்கே தலைவர் ஆனார். 1812-ல் அமைந்த அந்தப் படையில் அவர் சேர்த்த ஆட்களிலும் முன்னாள் கைதிகள் உண்டு. திருடன் போகும் பாதை திருடனுக்குத்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. 1833-ல் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகமும் திறந்தார்.

பெண்களில்? லண்டனில் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் 1913-ல் தங்கள் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைப் போலீஸ் பிடியில் இருந்து காக்க ஒரு பெண்கள் மெய்க்காவல் படையே அமைத்தார்கள். எடித் கேரட் என்ற பெண்மணி அவர்களுக்கு ஜப்பானிய ஜுஜுட்சு கற்றுக் கொடுத்தார். பாவாடைக்குள் கர்லாக்கட்டையை மறைத்து வைத்துக்கொண்டு போவார்களாம். நம் ஊர் கர்லாக்கட்டைதான்! 1914 மார்ச்சில் கிளாஸ்கோ மண்டபத்தில் பெரிய கைகலப்பே நடந்தது. மேடையில் பூமாலைகளுக்குள் முள்கம்பியை மறைத்து வைத்திருந்தார்கள். அந்த இயக்கத்தில் சிறைக்குப் போய் வந்த பெண்கள் ஏராளம். சட்டத்தின் கணக்கில் அவர்களும் "குற்றவாளிகள்".

நம் நாட்டுச் சட்டம்

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா இளம் வயதில் லோக்கல் ரெயிலில் பிக்பாக்கெட். மகளிர் பெட்டியில் கைப்பை அறுப்பது. ஒருத்தி இடிப்பாள், ஒருத்தி அறுப்பாள், மூன்றாவது ஆள் பொருளோடு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாள். அக்கா அறுக்கும் ஆள். இரண்டு முறை தண்டனை. இரண்டாம் முறை உள்ளே இருந்தபோது, சிறைக்கு வந்து ஜெபம் நடத்திய பெண்களோடு பழகி மனம் திரும்பினார். வெளியே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன்பிறகு ஒரு பைசா தொட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் பெண் காவலர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, ஒரு செக்யூரிட்டி நிறுவனத்தில் மனு கொடுத்தார். திடகாத்திரமான உடம்பு. இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் தெரியும். உடை அளவுகூட எடுத்துவிட்டார்கள். பிறகு போலீஸ் சரிபார்ப்பு. அத்தோடு முடிந்தது.

நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. காவலர் 18 வயது முடிந்து 65-க்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். நடத்தை, பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். கோர்ட்டில் தண்டனை பெற்றவரைக் காவலராகவோ மேற்பார்வையாளராகவோ வைத்துக்கொள்ளக் கூடாது. தண்டனை முடிந்து எத்தனை வருஷம் ஆனால் பரவாயில்லை என்ற கணக்கும் அதில் இல்லை.

சட்டத்திலும் நியாயம் இருக்கிறது. என் வீட்டு வாசலில் நிற்பவர் யார் என்று நானும் கேட்கத்தானே செய்வேன்? ஆனால் ஜெபக்கூட்டத்தில் கேட்ட கதை அக்காவின் மனதில் ஏன் அப்படித் தங்கியது என்பது இப்போது புரிந்திருக்கும். அவர் கேட்டது பொழுதுபோக்குக்கான புத்தகம் அல்ல.

"மன்னிப்பு ஆண்டவர்கிட்ட கெடைச்சிட்டு தம்பி. சர்ட்டிபிகேட்டுதான் கெடைக்கல" என்றார்.

கடைசி லோக்கல்

நள்ளிரவை ஒட்டிக் கல்யாண் பக்கம் போகும் கடைசி வண்டிகளில் ஒன்றில் அக்கா ஏறுவார். கூடவே கேட்டரிங் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கடைகளில் வேலை முடித்த பெண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். இரவு நேரத்தில் மகளிர் பெட்டிக்குப் போலீஸ் காவல் உண்டு. தொலைதூர ரெயில்களில் தனியாகப் போகும் பெண்களுக்காக 2020-ல் இருந்து ரெயில்வே பாதுகாப்புப் படையின் "மேரி சஹேலி" பெண்கள் குழுவும் இருக்கிறது. 139-க்குப் போன் செய்தால் உதவி வரும். என்றாலும் அந்தப் பத்துப் பெண்களுக்கு அக்கா ஏறினால்தான் நிம்மதி.

அவர் உட்கார மாட்டார். கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சின்னப் பெண்கள் யாராவது கதவோரம் போனை நீட்டிக்கொண்டு நின்றால் உள்ளே இழுத்து விடுவார். தண்டவாளத்து ஓரம் நின்று கம்பால் தட்டிப் போனைப் பறிக்கும் "ஃபட்கா" கும்பலை நம் வாசகர்கள் அறிவார்கள். வண்டி கிளம்புகிற நொடியில் போனைப் பறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதிக்கிற ஆட்களும் உண்டு. ஸ்டேஷன் வந்ததும் அக்காவின் பார்வை பைகள் மேல் போகாது. ஏறுகிற பெண்களின் முழங்கைகள் மேல்தான் போகும்.

"கை பொய் சொல்லும் தம்பி. முழங்கை பொய் சொல்லாது. அறுக்கப் போறவ முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சிருப்பா."

சண்டை எதுவும் நடந்திருக்கிறதா என்று ஆசையோடு கேட்டேன். நாவல் படித்த மயக்கம்!

"சண்ட எதுக்கு? நேரா அவ கண்ணப் பாப்பேன். இவளும் இந்தத் தொழில்ல இருந்தவதான்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருவா. ஒருத்தி மட்டும் எறங்காம என் பக்கத்துலயே வந்து நின்னா. தாதருக்கு எந்தப் பக்கம்னு கேட்டா. வண்டி எதிர்ப்பக்கமாப் போய்க்கிட்டு இருக்கு. சின்னப் பிள்ளை. சாப்பிட்டு ரெண்டு நாளாயிருக்கும். டப்பாவுல இருந்த சோத்தக் குடுத்தேன்."

அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று அக்காவுக்குத் தெரியாது.

இந்தக் காவலுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. தீபாவளிக்கு அந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு சேலை எடுத்துக் கொடுக்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு அக்கா கேக் வாங்கிப் பெட்டியிலேயே வெட்டுகிறார்.

நிக்கி குரூஸ் கதையை அவரிடம் சொன்னேன். காணிக்கைப் பை விஷயம் வந்ததும் பேச்சை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார்.

சிறையில் இருந்து வந்த இரண்டாம் வருஷம். சபையில் இருந்த ஒரு வயதான அம்மாள் பத்து நாளைக்கு ஊருக்குப் போனார். பேத்தி கலியாணம். போகும்போது வீட்டுச் சாவியை அக்கா கையில் கொடுத்து, "ராத்திரி நீ வந்து படுத்துக்கோ, வீடு பூட்டிக் கிடந்தா சரிப்படாது" என்றாராம். பீரோவில் நகை இருப்பது அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

"முத நா ராத்திரி உள்ள போய்ப் படுத்தேன் தம்பி. தூக்கம் வரல. நம்ம கைதான, என்ன செய்யுமோன்னு பயம். எந்திரிச்சு வெளிய வந்து பூட்டிட்டேன். சாவிய எதுத்த வீட்டுல குடுத்துட்டு வாசல்லயே படுத்தேன். பத்து நாளும் வாசல்லதான். மழ வேற. அந்த அம்மா திரும்பி வந்து, ஏன்டி இப்படி நனைஞ்சு கெடக்கன்னு சத்தம் போட்டாவ. நான் காரணத்தச் சொல்லல. அவுகளுக்குப் புரிஞ்சிருக்கும்."

அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை. கடைசி வரை ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை அக்காவிடம்தான் கொடுத்தாராம். மூன்றாம் முறையில் இருந்து அக்கா உள்ளே படுத்தார்.

"நீங்க தேடின புத்தகம் அப்படியே கெடைக்கல அக்கா. கெடைச்சது இதுதான்" என்று சொல்லி, அந்த அறுபது ரூபாய் நாவலைக் கொடுத்தேன். பிளஸ் 2 படிக்கும் அவருடைய மகள் இரவில் படித்துத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

வாங்கியதும் அட்டைப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பிள்ளைக்கு மாசம் என்ன சம்பளம் குடுக்காவ தம்பி?" என்பது. நாவலில் அது இருந்ததாக எனக்கு நினைவு இல்லை.

போன வாரம் மறுபடியும் அதே மேம்பாலத்தில் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறார்களாம். கதாநாயகி போலீசில் இருந்தவள் என்று மகள் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

"போலீசுக்காரியா! நல்ல வேள, அந்தக் காலத்துல இவ நம்ம லைன்ல டூட்டி பாக்கல" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடினார்.